சவரிராயனுக்காக

நெடும்பாறை அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில், ஒரு பெரிய கற்பாறை உண்டு. அதன் சரிவில் இரண்டே அறை கொண்ட ஒரு மடம். அங்கே வடிவம்மை இருந்தாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை, ஆனாலும் நரைத்த தலைகள்கூட அவளைத் தாயி என்றுதான் கூப்பிட்டன. மடத்துக்கு வந்து பதினோரு வருஷம். வந்த நாளிலிருந்து அவள் பாறையை விட்டு இறங்கியதில்லை. பெரிய பெரிய ஆட்கள் காரை அனுப்பிப் பார்த்தார்கள். ஊஹூம், நடக்கவில்லை.

அவளுடைய சீடர் ஆண்டியப்பனுக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். அணையில் லஸ்கர் வேலை. மதகின் இரும்புக் கதவுகளை அவர்கள் ஷட்டர் என்பார்கள். அப்படி ஏழு ஷட்டர். மேற்பார்வையாளர் ஏற்று என்றால் சக்கரத்தைச் சுற்றி ஏற்ற வேண்டும், இறக்கு என்றால் இறக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக ஏற்றினார், இறக்கினார். ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை, பாவம், நல்ல மனுஷன்.

அந்தத் தை மாதக் காலையில் அவர் பாறை ஏறி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. வடிவம்மை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, யார் மேல கோவம்?"

"தாயி, ஒரு கேள்வி. செஞ்ச வேலைக்குக் கூலி கேட்டா அது பேராசையா?"

"யார் சொன்னா பேராசைன்னு?"

"யாரும் சொல்லலை. எனக்கே கூச்சமா இருக்கு. உங்ககிட்ட வந்து ஆசையை அறுக்கணும்னு உக்காந்திருக்கவன், இலாகா வாசல்ல போய்க் கையேந்தலாமான்னு."

"உக்காருங்க. முழுசாச் சொல்லுங்க."

அவர் கீரைக் கட்டுக்கு எதிரே உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். மேற்பார்வையாளர் சவரிராயனுக்கு இடுப்பில் ஆபரேஷன். தொண்ணூறு நாள் லீவு. அந்தத் தொண்ணூறு நாளும் அவர் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆண்டியப்பனுக்கு உத்தரவு வந்தது. பார்த்தார். மேல் பதவி வேலையை இப்படிப் பார்ப்பவனுக்குப் பொறுப்புப் படி என்று தனியாகப் பணம் உண்டு, அது சட்டம். சவரிராயன் கம்பை ஊன்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய பிறகு, இவர் படி கேட்டு விண்ணப்பம் போட்டார்.

"கொடுத்தாங்களா?"

"கொடுத்தானுக தாயி. ஒரு நாளுக்கு!"

வடிவம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது என்ன ஒரு நாள்?"

"பதிவேட்டுல அந்த ஒரு நாள்தான் என் பேர் இருக்காம். எந்த நாளுன்னுகூட நான் கேக்கலை. ஆத்திரத்துல எந்திரிச்சு வந்துட்டேன்."

"மத்த நாள்ல யார் பேர் இருக்கு?"

ஆண்டியப்பன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நெடும்பாறை அணையில் ஒரு வழக்கம் உண்டு. மேற்பார்வையாளர் இல்லாத நாளில் அவர் இடத்தில் நிற்பவன், பதிவேட்டின் அடியில் 'சவரிராயனுக்காக' என்று மட்டும் எழுதுவான். தன் பெயரை எழுத மாட்டான். இவருக்கு முன்னால் நின்றவர்களும் அப்படித்தான் எழுதினார்கள்.

"அந்த கிளார்க்கு கேக்குதான் தாயி, 'சவரிராயனுக்காகன்னு போட்டிருக்கே, சவரிராயனுக்காக யாரு? நீயா, உன் மாமனா?'ன்னு. ஊருக்கே தெரியும் நான்தான்னு. சித்திரையில ரிட்டையர் ஆகுதேன். ஒரு தடவையாவது மேற்பார்வையாளர்னு போட்டு ஒரு சம்பளச் சீட்டு வாங்கிட்டுப் போயிரணும்னு பாத்தேன். அதுல மண்ணைப் போட்டுட்டான்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. முப்பத்திரண்டு வருஷம் அடக்கி வைத்தது, கீரைக் கட்டுக்கு முன்னால் வந்து உடைந்தது.

வடிவம்மை கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு கேட்டாள்: "பேர் எழுதாதது வழக்கத்தாலயா, பயத்தாலயா?"

"வழக்கம்தான் தாயி."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பயம்," என்றார் ஆண்டியப்பன். "தண்ணி கூடப் போனாலும் கேள்வி, குறையப் போனாலும் கேள்வி. கேள்வின்னு வந்தா சவரிராயன் பேர் நிக்கட்டும்னு நெனச்சேன். மனுஷன் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது அவர் தலையில வச்சேன். இப்பப் படி மட்டும் என் பேருக்குக் கேக்குதேன். கூச்சம் அதுதான் போல."

வடிவம்மை கீரையைச் சுளகில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அந்தப் பதிவேட்டைப் பாக்கணும்."

"அதை மதகு அறையை விட்டு வெளிய கொண்டு வர முடியாது தாயி."

"நான் வாரேன்."

ஆண்டியப்பனுக்கு ஒரு நிமிஷம் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. அவள் அதற்குள் பாறையில் இறங்கத் தொடங்கிவிட்டாள். பதினோரு வருஷமாக யார் கூப்பிட்டும் இறங்காதவள்! அணைக்கு ஏறும் படி முந்நூற்றுச் சொச்சம். செருப்பில்லாத கால், வெயில் ஏறிக்கொண்டிருந்த கல். வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். ஆண்டியப்பன் பின்னாலேயே ஏறினார். நம்ம சாதாரணக் கணக்கு ஒன்றுக்காக இந்த அம்மா பாறை இறங்கி வருகிறாளே, நாம் என்ன பாவம் பண்ணினோமோ, என்ன புண்ணியம் பண்ணினோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

மதகு அறையில் யாரும் இல்லை. மேஜைமேல் தடித்த பதிவேடு. அவள் நின்றுகொண்டே முதல் நாளிலிருந்து புரட்டினாள். நீர்மட்டம், ஷட்டர், வெளியேறிய தண்ணீர், அடியில் சவரிராயனுக்காக. அடுத்த பக்கம், சவரிராயனுக்காக. ஒரு பக்கத்தையும் அவள் தாண்டவில்லை. அவரவர் எழுத்து அவரவரைக் காட்டிக்கொடுக்கும் என்பார்களே, அந்த எழுத்து அத்தனை பக்கத்திலும் கூனிக் குறுகிப் போய்க் கிடந்தது. ஆண்டியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"இங்க இருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். சு. ஆண்டியப்பன். முழுப் பெயர், பெரிய எழுத்து, பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. ஐப்பசி மாதத்துத் தேதி.

அவர் தேதியை மறுபடி குனிந்து பார்த்தார். "அன்னைக்கா!" என்றார்.

"வெள்ளம் வந்த நாளா? பாறையில இருந்து எனக்குத் தண்ணிதான் தெரிஞ்சுது. இங்க என்ன நடந்தது?"

"மேல மலையில மேகம் கொட்டித் தீத்துட்டுது தாயி. மத்தியானம் மூணு மணிக்குள்ள தண்ணி விளிம்புக்கு ஒரு அடி. போன் செத்துப் போச்சு. ரோட்டுல பாலம் உடைஞ்சு ஜீப்பும் வர முடியலை. ஏழு ஷட்டரையும் தெறந்தாத்தான் அணை தப்பும். கீழ பாத்தா ஆத்து மணல்ல ஒரு கருமாதிக் கூட்டம். நாப்பது அம்பது பேரு. புள்ளைகுட்டியோட."

"சங்கு ஊதினீங்களா?"

"ஊதினேன். தெனமும் மூணு மணிக்கு ஆள் மாத்த ஊதுத சங்குன்னு நெனச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்காங்க! தெறந்தா அவங்க போனாங்க. தெறக்கலைன்னா அணை போகும், அவங்களும் போவாங்க, அதுக்குக் கீழ எட்டு ஊரும் போகும்."

வடிவம்மை பதிவேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கூட இருந்த ஆளைச் சைக்கிள்ல விரட்டிட்டு, நிறுத்தாம ஊதினேன். விட்டு விட்டு இல்ல, ஒரே ஊதா ஊதினேன். அப்பத்தான் ஒருத்தன் நிமிந்து பாத்தான். ஓடுதாங்க. தண்ணி விளிம்பைத் தொட்டுட்டுது, என் கால்ல அடிக்கிது. அணை அதிருது தாயி, உள்ளங்காலுல தெரியுது. கடைசி ஆளு கரையேறிட்டான்னு சக்கரத்தைப் பிடிச்சேன், ஒருத்தன் பித்தளைக் குடத்தை எடுக்கத் திரும்ப எறங்குதான்! பாவி மனுஷன். அவன் ஏறுத வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னேன். ஏறினான். பெறகுதான் ஏழையும் தெறந்தேன்."

"யாருக்காவது ஏதாவது?"

"வாழைத்தோட்டம் போச்சு. உயிரு ஒண்ணும் போகலை. தண்ணி எறங்கின பெறகு இங்க வந்து எழுதினேன் போல. எழுதினது ஞாபகமே இல்ல. சவரிராயன் நெனப்பே அன்னைக்கு வரலை தாயி."

ஆண்டியப்பன் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரோ ஒரு பெரிய ஆளின் பெயரைப் பார்ப்பதுபோல அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏழையும் தன் பொறுப்புல தெறக்க சவரிராயனுக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்டாள் வடிவம்மை.

"இல்ல தாயி. ரெண்டுக்கு மேல இன்ஜினியர் உத்தரவு வேணும்."

"இன்ஜினியருக்கு?"

"அவரு மேல கேக்கணும்."

"மேல இருக்கவருக்கு?"

"அவரும் மேல கேக்கணும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பெயரை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆண்டியப்பன் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார். யார் காலிலும் விழாத தாயி, கோயில் வாசலில்கூடக் கைகூப்பாமல் சும்மா நிற்கிறவள் என்று ஊர் பேசும் தாயி. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு காகிதம் எடுங்க அண்ணாச்சி. விண்ணப்பம் எழுதுங்க. எண்பத்தொம்பது நாள் நின்னது நான்தான், பயத்துல பேர் எழுதலைன்னு எழுதுங்க."

"பயத்துலன்னா? இலாகா காகிதத்துலயா?"

"பயந்தது நெசம்தான?"

"நெசம்தான்."

"நின்னது?"

"அதுவும் நெசம்தான்."

"ரெண்டையும் எழுதுங்க. அவங்க கொடுத்த அந்த ஒரு நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருங்க."

"தாயி! ஒழுங்காப் பேர் எழுதி வாங்கினதே அந்த ஒரு நாள்தான!"

அவள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

குரு சொன்னால் மறுபேச்சு ஏது? ஆண்டியப்பன் எழுதினார். பயந்தேன் என்ற சொல்லை எழுத அரை மணி நேரம் ஆனது. எழுதி, அடியில் தன் முழுப் பெயரைப் போட்டு, அந்த ஒரு நாள் பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோய் நீட்டினார். கிளார்க்கு பணத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "கூடக் கேட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன், கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்த கிறுக்கனை இன்னைக்குத்தான் பாக்குதேன்," என்றான். பணத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

விண்ணப்பம் இன்ஜினியர் மேஜைக்குப் போனது. அவர் அதை இரண்டு முறை படித்தாராம். சவரிராயனைக் கூப்பிட்டு விசாரித்தாராம். சவரிராயன், "என் பேரைச் சுமந்துக்கிட்டு நின்னது அவர்தான் ஐயா, கூலியை அவருக்குக் கொடுங்க," என்றாராம். இருபதாம் நாள் உத்தரவு வந்தது. எண்பத்தொன்பது நாளுக்கும் பொறுப்புப் படி. சம்பளச் சீட்டில் தெளிவாக அச்சடித்திருந்தது: சு. ஆண்டியப்பன், மேற்பார்வையாளர், பொறுப்பு.

அவர் அந்தச் சீட்டை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பாறை ஏறினார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பல். வடிவம்மை வாங்கி வாசித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி," என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான், பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன?"

"நீங்க சொன்னீங்க, செஞ்சுட்டேன். குறை சொல்லலை. ஆனா மனசு கெடந்து அரிக்கிது தாயி. பயந்து பயந்து நின்ன நாளுக்கெல்லாம் படி வாங்கச் சொன்னீங்க. நிமிந்து நின்ன ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வேணாம்னுட்டீங்களே, ஏன்?"

வடிவம்மை சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எண்பத்தொம்பது நாள் நீங்க சவரிராயன் எடத்துல நின்னீங்க. அந்த எடத்துக்கு ஒரு சம்பளம் உண்டு, அதுல உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. கேட்டு வாங்குனது நியாயம். அன்னைக்குச் சவரிராயனுக்கும் மேல, இன்ஜினியருக்கும் மேல நின்னீங்களே, அந்த எடத்துக்கு என்ன சம்பளம்னு இலாகா யார்கிட்டப் போய்க் கேக்கும் அண்ணாச்சி?"