நகர்ந்து போகும் புதையல்

“என் அடுப்பைத் தோண்டித்தான் உங்க கஜானா நிறையணுமா? உச்சிப்பொழுதுக்கு வண்டிக்காரங்க பசியோட வந்து உக்காருவாங்க. அவங்க இலையில இந்த மண்ணையா அள்ளிப் போடுவேன்?”

இதுதான் செண்பகவல்லி கத்தியது. நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. கத்தியது யாரிடம் தெரியுமா? பூவன்கோட்டை ராஜா சொக்கலிங்க பூபதியிடமே. கரண்டியைக் கீழே வைக்காமல்.

ராஜாவின் பாட்டனார் ஏழு செப்புக் குடம் நிறையத் தங்கத்தைப் புதைத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கே என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். சொல்ல மறந்தாரா, சொல்வதற்கு ஒன்றும் இல்லையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த வருஷம் கஜானா காலி. ராணியின் தம்பி விசயரங்கனுக்கு அரண்மனையை ஒட்டிப் புது மாளிகை கட்டியதில் காலியானது. அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் புதையல் தேடக் கிளம்பினார்கள். விசயரங்கனே ஒரு மைக்காரனை அழைத்து வந்தான். வெற்றிலையில் கறுப்பு மை தடவி, அதையே உற்றுப் பார்த்து, புதைந்து கிடப்பதைச் சொல்கிற ஆள்.

முதலில் ஊரின் கிழக்குக் கோடியில், குதிரை லாயத்தைத் தோண்டினார்கள். ஒன்றுமில்லை.

“பூதம் காவல் காக்குது மகாராஜா! கடப்பாரைச் சத்தம் கேட்டதும் குடங்களை நகர்த்திட்டுது. அதோ, நந்தவனத்துக்கடியில் தெரியுது” என்றான் மைக்காரன்.

நந்தவனத்தைக் கொத்திப் போட்டார்கள். மல்லிகைச் செடிதான் போனது. மறுபடியும் வெற்றிலை, மறுபடியும் மை. இப்போது குடங்கள் வந்து நின்ற இடம் செண்பகவல்லியின் சோற்றுக்கடை அடுப்படி! விசயரங்கனின் மாளிகை வாசலுக்கு எதிரே இருக்கிற கடை. அடுப்புப் புகையும் வண்டி மாடுகளின் சாணமும் அவன் முன்வாசலுக்கு ஆகவில்லை என்பது ஊருக்கே தெரியும். பூதத்துக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

அடுப்பைப் பெயர்த்து, இடுப்பளவு தோண்டியாயிற்று. உடைந்த உப்புச்சட்டி ஒன்று கிடைத்தது.

“நகர்ந்துட்டுது! வீட்டையே இடிச்சாத்தான் தப்பிக்காம பிடிக்கலாம்” என்றான் மைக்காரன்.

அப்போதுதான் செண்பகவல்லி வாயைத் திறந்தாள். அவள் சத்தத்தில், பின்கட்டில் ரசத்துக்காகக் காத்திருந்த ஆவுடையப்பர் எழுந்து வந்தார். ராஜசபையின் விகடகவி. அரண்மனைச் சாப்பாடு நெய்யில் மிதக்கும், வயிறு கேட்காது என்று தினமும் இங்கேதான் சாப்பிடுவார்.

“ஐயா, நீங்களாவது சொல்லுங்க. இந்த வீடு போனா நான் தெருவுலதான் நிக்கணும்” என்றாள் அவள்.

ராஜா முந்திக்கொண்டார். “ஓய் ஆவுடையப்பரே, புதையல் நிஜமா, புளுகா? புளுகு என்றால் என் பாட்டனாரைப் பொய்யர் என்கிறீர் என்று அர்த்தம். யோசித்துச் சொல்லும்.”

“நிஜம்தான் மகாராஜா. சந்தேகமே இல்லை.”

செண்பகவல்லியின் கரண்டி கீழே விழுந்தது. விசயரங்கன் மீசையைத் தடவிக்கொண்டான்.

“ஆனால் தேடுகிற முறைதான் சரியில்லை” என்றார் ஆவுடையப்பர். “மைக்காரரே, கடப்பாரைச் சத்தம் கேட்டால் புதையல் ஓடும். அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“நிச்சயமாக?”

“மூணு தடவை ஓடியிருக்கே! நீங்களே பார்த்தீங்களே!”

“பார்த்தேன். லாயத்தில் தோண்டினோம், மேற்கே நந்தவனத்துக்கு ஓடியது. அங்கே தோண்டினோம், இன்னும் மேற்கே இந்த அடுப்படிக்கு ஓடியது. ஓடுகிற மாட்டின் பின்னால் போய் யாராவது வாலைப் பிடிப்பார்களா மகாராஜா? தொழுவத்தின் பக்கம் விரட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே!”

“அப்படியென்றால்?”

“புதையலை ஓட்டிக்கொண்டு போவோம். மேற்கே கடைசியில் என்ன இருக்கிறது? நம் கஜானா. குடங்கள் தாமாகவே உள்ளே போய் நிற்கும். தலையில் சுமக்கும் வேலைகூட இல்லை.”

ராஜாவின் முகம் மலர்ந்தது. “பேஷ்! இப்போது குடங்கள் எங்கே நிற்கும்?”

“இங்கிருந்து மேற்கே அடுத்த கட்டடத்துக்கடியில்.”

எல்லாருடைய தலையும் திரும்பியது. எதிரே, சுண்ணாம்பு மணம் போகாத விசயரங்கனின் மாளிகை.

“நடுக்கூடத்தில் ஆரம்பித்தால் போதும்” என்றார் ஆவுடையப்பர். “ஓடவில்லை என்றால் படுக்கையறையையும் பெயர்ப்போம். ஏலே, கடப்பாரையை எடுங்கடா!”

“அத்தான்!” அலறினான் விசயரங்கன். சபை மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “அத்தான், வேண்டாம்! புதையல் ஓடவெல்லாம் செய்யாது!”

“ஓடாதா? அப்படியானால் லாயத்தில் இருந்தது எங்கே?”

“இருந்தால்தானே அத்தான்! அந்த மை வெறும் கரியும் விளக்கெண்ணெயும். இந்தக் கடையைக் காலி பண்ணணும்னு நான்தான் அவனைச் சொல்லச் சொன்னேன். ஏழு குடமாவது, ஒண்ணாவது, எல்லாம் புளுகு!”

“அப்படியென்றால் என் பாட்டனார் பொய்யரா, மச்சான்?”

விசயரங்கன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ராஜாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜா சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டுமே, கடப்பாரை பிடித்தவர்களும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து பார்த்தால், உப்புச்சட்டிக்குப் பக்கத்தில் வெற்றிலை மட்டும் கிடக்கிறது.

“மைக்காரன் எங்கே?” என்றார் ராஜா.

“கடப்பாரை என்று சொன்னதும் அதுவும் நகர்ந்துவிட்டது மகாராஜா” என்றார் ஆவுடையப்பர்.

மறுபடியும் சிரிப்பு. ராஜா தம் மோதிரத்தைக் கழற்றி ஆவுடையப்பர் விரலில் போட்டார், சால்வையைப் போர்த்தினார். “உம் ஒருவருக்குத்தான் ஐயா இந்த ஊரில் மூளை!” என்று தோளில் கைபோட்டு, தம் பல்லக்கிலேயே ஏற்றிக்கொண்டார். ஆவுடையப்பர் ரசத்தை மறந்தே போனார். கொம்பு முழங்கியது. கூட்டம் முழுக்கப் பல்லக்கின் பின்னால் போனது, கடப்பாரைக்காரர்கள் உட்பட.

தெருமுனையில் வண்டிகளின் சலங்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. செண்பகவல்லி இடுப்பளவுக் குழியின் ஓரத்தில் நின்று, போகிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஐயா, யாராவது ஒருத்தர் இந்தக் குழியை மூடிட்டுப் போங்களேன்!”