மேலாளரிடம் மேலாளர் லீவு கேட்ட கதை

ஏரிப்பட்டியில் புத்திசாலிகளே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் மரவள்ளிக் கிழங்கு விற்பனைச் சங்கத்தில் வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தில் மொத்தம் நான்கு பேர். மேலாளர் நாச்சிமுத்து, எழுத்தர் அங்கமுத்து, டைப்பிஸ்ட் தெய்வானை, பியூன் சடையப்பன். இனிமேல் லீவு வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. புது சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். பாவம், அவருக்கு அன்று கடும் ஜலதோஷம்.

"நான் செய்யறதை அப்படியே செய்யுங்க, தப்பே வராது," என்றார். "முக்கியமா, லீவு கேக்கறவர் வேற, குடுக்கறவர் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

தெய்வானை ஒன்று விடாமல் நோட்டில் எழுதினாள். 'பெயரைத் தட்டவும். பாஸ்வேர்டைத் தட்டவும். இரண்டு முறை தும்மவும். மூக்கைத் துடைக்கவும். பச்சைப் பொத்தானை அமுக்கவும்.'

அடுத்த வாரமே நாச்சிமுத்துவின் ஒரே மகள் பூவிழிக்குக் கல்யாணம். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு முகூர்த்தம். மண்டபம் ஆபீஸிலிருந்து இரண்டே தெரு.

மற்ற மூவரும் முந்திக்கொண்டு லீவு கேட்டார்கள். தும்மலுக்காகச் சடையப்பன் வீட்டிலிருந்து மிளகாய்ப் பொடி கொண்டுவந்திருந்தான். ஆளுக்கு இரண்டு தும்மல் போட்டார்கள். நாச்சிமுத்துவும் கண்ணில் நீர் வழிய, லீவுக்கு இரண்டு தும்மல் வீதம் போட்டு அனுமதி கொடுத்தார். சாஃப்ட்வேர் ஒரு தகராறும் செய்யவில்லை. எல்லாம் மிளகாய்ப் பொடியின் நயம் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் நாச்சிமுத்துவின் முறை வந்தது.

"சார், இப்ப நீங்க லீவு கேக்கறவரா, குடுக்கறவரா?" என்றார் அங்கமுத்து.

"ரெண்டும் நான்தானேய்யா?"

"அதைத்தானே சார் குழப்பிக்கக் கூடாதுன்னு சொன்னாரு!"

நால்வரும் அரை நாள் யோசித்தார்கள். பிறகு சடையப்பன் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். வெறும் நாற்காலி கேட்கிறவருக்கு. முதுகில் டவல் போட்ட நாற்காலி கொடுக்கிறவருக்கு.

நாச்சிமுத்து வெறும் நாற்காலியில் உட்கார்ந்து, மகள் கல்யாணம் என்று எழுதித் தும்மி அனுப்பினார். எழுந்து போய் டவல் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தார்.

"காரணம் நியாயமாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு மூணு பேருக்கு லீவு குடுத்தாச்சே. இவரும் போயிட்டா ஆபீஸை யாரு பாத்துக்கறது?"

சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். திரும்பி வெறும் நாற்காலிக்கு வந்து, பதிலைப் பார்த்ததும் அவருக்குத் துக்கம் பொங்கியது.

"ஒரே பொண்ணுய்யா எனக்கு! இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா?"

"நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் சார்," என்றாள் தெய்வானை.

"அவர் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கலைம்மா."

வியாழக்கிழமை காலை பத்து மணி. மண்டபத்தில் முதல் வரிசையில் மூவரும் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் மனைவி செங்கமலம் பதறிப்போய் வந்தாள்.

"எங்கூட்டுக்காரரு எங்கீங்க?"

"லீவு கிடைக்கலைங்கம்மா. எங்க மேலாளர் ரொம்பக் கறாருங்க," என்றார் அங்கமுத்து.

அப்பா வராமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று பூவிழி அழ ஆரம்பித்துவிட்டாள். செங்கமலம் ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, அந்த மேலாளர்கிட்ட போனைக் குடுங்க. நானே கேக்கறேன்."

நாச்சிமுத்து போனை மேஜைமேல் வைத்தார். டவல் நாற்காலிக்குப் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மேலாளர் பேசறேன்."

முப்பது வருஷமாகக் கேட்ட குரல்தான். ஆனால் இத்தனை மிடுக்காக அது அவளிடம் பேசியதே இல்லை. அடையாளம் தெரியவில்லை.

"சார், எம் பொண்ணை உங்க புள்ளையா நினைச்சுக்குங்க. தாலி கட்டற நேரத்துல அப்பன் பக்கத்துல இல்லைன்னா அவ மனசு என்ன பாடுபடுமுங்க?"

டவல் நாற்காலிக்காரர் டவலை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. பன்னெண்டு மணி வரைக்கும் பர்மிஷன் தர்றேன்."

முறைப்படி இரண்டு தும்மல் தும்மிப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். வெறும் நாற்காலிக்கு ஓடிவந்து, "குடுத்துட்டாரு செங்கமலம்! தங்கமான மனுஷன்!" என்று கத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாக ஓடினார். ஆபீஸைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதான் மேலாளர் இருக்கிறாரே!

முகூர்த்தம் தப்பவில்லை. அப்பாவைப் பார்த்ததும் பூவிழி சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். ஆனால் பந்தியில் இலை போடும்போது மணி பன்னிரண்டு. நாச்சிமுத்து சாப்பிடாமலே எழுந்தார்.

"போன்ல ரெண்டு தும்மல் கேட்டுதுங்க. சளி போல, பாவம், அதான் கல்யாணத்துக்கு வரலை," என்று சொல்லி, மேலாளருக்கென்று செங்கமலம் ஒரு கேரியர் நிறையச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். அடுக்கின் உச்சியில் மிளகு ரசம்.

சாயங்காலம் மூவரும் ஆபீஸுக்கு எட்டிப் பார்த்தார்கள். டவல் நாற்காலியின் முன்னால் கேரியர் காலியாக இருந்தது. வெறும் நாற்காலியில் நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாயசம் வரைக்கும் வழிச்சு முழுங்கிட்டாருய்யா," என்றார் ஆற்றாமையோடு. "என் பொண்ணு கல்யாணச் சாப்பாடு! எதிர்ல ஒருத்தன் பசியோட உக்காந்திருக்கானே, ஒரு வாய் சாப்பிடறியான்னு கேட்டாரா அந்த மனுஷன்?"