தலை நிமிர்ந்து தொங்கிய மருத்துவச்சி

குளத்தங்கரை மருத மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் செம்பிக்கு அது தலைப்பிரசவம். விடிந்ததிலிருந்து வலி. குட்டி வருகிற வழியைக் காணோம். மரத்தடியில் ஓர் உடும்பு அண்ணாந்து பார்த்தபடி படுத்திருந்தது. குட்டி நழுவி விழுந்தால் அதற்கு விருந்து.

பிரசவம் பார்க்கிற மூக்கி என்ற வௌவால் பக்கத்தில் வந்து தொங்கினாள். தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செம்பிக்கு அதுதான் உறுத்தியது. உதவிக்கு வந்தவள் ஏன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறாள்? கீழே கிடக்கிற உடும்புக்கும் இவளுக்கும் உள்ளுக்குள் ஏதாவது பேச்சா?

மேல்கிளைக் காகம் அந்த முகத்தைப் படித்துவிட்டது. "அவளை நம்பாதே தாயி. நான் அலகால ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது."

"இழுத்துக்கிட்டு எங்கே பறப்பேன்னும் சொல்லிடு" என்றாள் மூக்கி. பிறகு செம்பியிடம், "திரும்பிக்கோம்மா. தலை மேலே, கால் கீழே. குட்டி தானா இறங்கும்."

செம்பிக்குச் சந்தேகம் முற்றியது. "அது வெளிக்குப் போறப்போ தொங்குற தொங்கலாச்சே! காலை விட்டுட்டுச் சிறகுல இருக்கிற கட்டைவிரலை நம்பித் தொங்கச் சொல்றே. நான் விழணும், அதானே அக்கா?"

மூக்கி தன் கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பற்றினாள். காலை விட்டாள். தலை மேலாக, செம்பிக்கு நேர் எதிரே தொங்கினாள்.

மரமே சிரித்தது. "என்ன மூக்கி, ராத்திரி தின்ன பழம் ஒத்துக்கலையா?" என்றது ஒரு கிழட்டு வௌவால்.

மூக்கி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செம்பிக்கு வலி வந்தபோது தானும் சேர்ந்து முக்கினாள்.

விழவைக்க நினைக்கிறவள் தானும் காலை விடுவாளா? செம்பி யோசித்தாள். மெல்லத் திரும்பினாள்.

"தொடட்டுமா?" என்று கேட்டாள் மூக்கி.

"தொடு. ஆனா உன்னைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"பாரு."

மூக்கி ஒற்றை விரலில் தொங்கியபடி மறு சிறகைக் கீழே விரித்துப் பிடித்தாள். அடுத்தடுத்த வலிகளில் குட்டி தானாக இறங்கி அந்தச் சிறகில் வந்து விழுந்தது. காகம் சத்தமில்லாமல் பறந்துபோனது. உடும்பும் நடையைக் கட்டியது.

மூக்கி குட்டியைத் தாயின் மார்பில் சேர்த்தாள். செம்பி அதை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"மாத்திடலை. உன்னோடதுதான்" என்றாள் மூக்கி.

பெறுகிறவளை அவசரப்படுத்தி இழுப்பது உதவியல்ல. அவள் சந்தேகத்தையும் பொறுத்து, கேட்டுத் தொட்டு, வலி தீரும்வரை கூடவே இருப்பதுதான் பிரசவம் பார்ப்பது.