பொய் சொன்னால் உடையும் வர்க்கி

நம்பினால் நம்புங்கள். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் எங்கள் மேனேஜர் துரை, வர்க்கி பிஸ்கட்டை டீயில் முக்கிப் பிடித்தபடியே, தான் புலியை அறைந்து விரட்டிய கதையை அளப்பார். கதை முடிவதற்குள் வர்க்கி ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடும்.

"நாளைக்கும் உடைஞ்சா உன் வேலை போச்சு!" என்று ஒருநாள் டீ போடும் வெள்ளத்தாயியிடம் கத்தினார்.

மறுநாள் அவள் தட்டை நீட்டினாள். "இது வேற தினுசு தொரை. முக்குறப்போ பொய் சொன்னாத்தான் உடையும்."

துரை புலிக்கதையை விழுங்கிக்கொண்டு, முக்கின கையோடு கடித்தார். உடையவில்லை!

"பலே! எந்தக் கடை?"

"நேத்து உடைஞ்சுதே, அதே கடை வர்க்கிதாங்க."

ஆபீஸே சிரித்தது. அவள் வேலையும் பிழைத்தது, எங்கள் காதும் பிழைத்தது. இன்றும் வர்க்கியை முக்குமுன் வெள்ளத்தாயிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.