ஒற்றைக் காலில் நின்ற நர்ஸ்கள்

பூவரசங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கென்று ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வைத்தியர் ஒரு கீரி. நர்ஸ் வேலைக்கு நான்கு கொக்குகள். மூத்த நர்ஸின் பெயர் வெள்ளையம்மா.

கீரி மருந்து கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடிவிடும். அதன்பிறகு மூச்சைக் கவனிப்பது கொக்குகளின் பொறுப்பு. ஒற்றைக் காலில் அசையாமல் நின்று, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். ஒரு கால் வலித்தால் மறுகாலுக்கு மாறிக்கொள்ளும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. குளத்தில் மீன் குறைந்தது. கொக்குகளுக்குச் சம்பளமே மீன்தான். "ஆஸ்பத்திரிச் செலவைக் குறை!" என்று சிங்கராஜா நரி மந்திரிக்கு உத்தரவு போட்டது.

நான்கு நீர்நாய்கள் முன்னால் "பராக்! பராக்!" என்று கத்த, நரி வந்து சேர்ந்தது.

"என்ன வெள்ளையம்மா, பட்டப்பகலில் நின்றுகொண்டே தூக்கமா?"

"தூங்கவில்லை, மந்திரியாரே! நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

நரி எண்ணத் தொடங்கியது. "நான்கு கொக்கு, எட்டுக் கால். தரையில் இருப்பதோ நான்கு கால்தான்! தூக்கி வைத்திருக்கும் காலுக்கு எதற்கு மீன்? இரண்டு கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்றால் போதுமே!"

"அய்யா, இங்கே வேலை செய்வது கால் இல்லை, கண்!" என்றது வெள்ளையம்மா.

நரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கொக்குகள் அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டன. நீர்நாய்கள் கைதட்டின. இதையும் கணக்கு என்று சொல்ல அசாத்திய தைரியம் வேண்டும்!

பன்னிரண்டு நோயாளிகளுக்கு இரண்டு கொக்குகள். பத்து நாளில் வெள்ளையம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. கண்ணை மூடவே நேரமில்லை.

பதினோராம் நாள் காலையில், பாம்பு கடித்த முயல்குட்டி ஒன்றைத் தாய்முயல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

கீரி மூலிகைச் சாறு கொடுத்துவிட்டுச் சொன்னது: "வெள்ளையம்மா, இதற்கு எந்த நேரமும் மூச்சு நிற்கலாம். நின்றால் உடனே தண்ணீர் தெளித்து நெஞ்சைத் தட்டு. கண்ணை எடுத்துவிடாதே!"

கீரி மூலிகை பறிக்கக் காட்டுக்குள் போனது. அந்த நேரம் பார்த்து, மறுகோடியில் படுத்திருந்த காட்டுப்பன்றிக்கு வலிப்பு வந்தது. இன்னொரு கொக்கோ கால் முறிந்த மானைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது? வெள்ளையம்மா தவித்துப்போனது.

"பராக்! பராக்!" நரி உள்ளே நுழைந்தது. "யோசித்துப் பார்த்தேன். இரண்டு கொக்கு எதற்கு? ஒன்று போதாதா?"

"பேச நேரமில்லை, மந்திரியாரே! இந்தக் குட்டியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் கத்துங்கள்!"

"இவ்வளவுதானா? சும்மா நிற்க யாரால்தான் முடியாது!"

வெள்ளையம்மா பன்றியிடம் பறந்தது. நரி நின்றது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. கால் கடுத்தது. வெளியே நீர்நாய்கள் ஏதோ சண்டை போட்டன. நரி ஒரு நொடி திரும்பிப் பார்த்தது.

மறுபடி குனிந்தபோது குட்டியின் வயிறு அசையவில்லை.

"வெள்ளையம்மா!" என்று நரி அலறியது.

பன்றிக்கு அப்போதுதான் வலிப்பு அடங்கியிருந்தது. வெள்ளையம்மா பாய்ந்து வந்தது. தண்ணீரைத் தெளித்தது. சிறகால் நெஞ்சில் தட்டியது. ஒரு தட்டு. இரண்டு தட்டு. தாய்முயலுக்கு அழக்கூட வரவில்லை. மூன்றாவது தட்டில் குட்டி தும்மியது! வயிறு மெல்ல ஏறி இறங்கியது. எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நரி குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒரே ஒரு நொடிதான் திரும்பினேன்..."

"அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் நிற்கிறோம், மந்திரியாரே!"

நரி நேராக அரசனிடம் ஓடியது. "தப்புச் செய்துவிட்டேன், அரசே! எனக்குப் பராக் சொல்கிற நீர்நாய்கள் தின்னும் மீனில் இரண்டு கொக்குகள் தாராளமாகச் சாப்பிடலாம். நான் வருவதை நானே சொல்லிக்கொள்கிறேன்!"

சிங்கராஜா பிடரி குலுங்கச் சிரித்துவிட்டுச் சரி என்றது. மாலைக்குள் இரண்டு கொக்குகளும் வேலைக்குத் திரும்பின.

மறுநாள் நரி சத்தமில்லாமல் வந்தது. மூன்று கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. முயல்குட்டி கீரை தின்றுகொண்டிருந்தது. மரநிழலில் வெள்ளையம்மா, தலையைச் சிறகுக்குள் புதைத்து, உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கட்டும், தூங்கட்டும்!" என்று முணுமுணுத்துவிட்டு, நரி அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனது.

நோயாளியின் பக்கத்தில் சும்மா நிற்பதுபோல் தெரிகிறவரே உயிரைக் காப்பவராக இருக்கலாம் என்பதால், வேலையை அறியாமல் ஆளைக் குறைக்கக் கூடாது.