மேற்குச் சரிவில் நியூட் இல்லை

டார்ஜிலிங் பக்கத்து மலையில் இருந்த ஞானாம்பிகை அம்மாவின் ஆசிரமத்தில், குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். மாசிலாமணி மதுரையில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காவி கட்டியும் வாத்தியார்த்தனம் அவரை விட்டுப் போகவில்லை.

மழைக்காலக் காலையொன்றில் இருவரும் ஆசிரமத்துக் குளத்தருகே நின்றார்கள். முதுகெல்லாம் மருவோடு, கரும்பழுப்பாக ஒன்று நீருக்குள் வாலை ஆட்டியது.

"பல்லி நீந்துமா?" என்றார் அம்மா.

"பல்லி இல்லம்மா, நியூட். உருவம்தான் பல்லி. செதில் கிடையாது, ஈரத்தோல், முட்டையும் தண்ணியிலதான். இது தவளைக்குச் சொந்தம்."

"பார்த்த உடனே சொல்லிட முடியாது போல."

"முடியவே முடியாது. கிட்டப் போய்ப் பாக்கணும்!" மாசிலாமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மேற்குச் சரிவில் ஒரு சதுப்பு இருந்தது. அதை மூடி விடுதி கட்ட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். நியூட் வாழும் இடமென்றால் அனுமதி கிடைக்காது. அங்கே நியூட் உண்டா என்று ஊர்க்காரர்கள் மாசிலாமணியைத்தான் கேட்டிருந்தார்கள். இவர் 'இல்லை' என்று சொன்னால் மறுநாளே மண் லாரி வந்துவிடும்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றார் அம்மா.

"இல்லைன்னுதான். மலை முழுக்க அலைஞ்சாச்சு."

வரைபடத்தை விரித்துக் காட்டினார். நியூட்டைக் கண்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அம்மாவின் விரல் புள்ளிக்குப் புள்ளி, வளைந்து வளைந்து கீழே இறங்கியது.

"இது பஸ் போற ரோடுதானே?"

"ஆமாம்மா."

"நியூட் பஸ்லதான் போகுமோ?"

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

"மேற்குப் பக்கம் ரோடு இல்ல. ஒரே அட்டைப்பூச்சி. எனக்கோ முட்டிவலி. இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேம்மா, அங்க இருக்காது."

அம்மா சமையலறைக்குப் போனார். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பும், ஊன்றிக்கொள்ள ஒரு மூங்கில் கழியும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

மாசிலாமணி உப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயும் கிடைக்கலைன்னா? அப்பவாவது இல்லைன்னு சொல்லலாமா?"

"'என் கண்ணுல படலை'ன்னு சொல்லுங்க. இல்லைன்னு சொல்றது, லாரி மண்ணைக் கொட்டிட்டா யாருக்கும் சுலபம்."