தூண் சொன்ன அளவு

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மகுடசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பட்டு போர்த்திய கையாலேயே மாலையில் விலங்கு மாட்டுகிற ராஜா. அவன் முன்னால் உலகாயி கைகட்டி நின்று, சொல்ல வேண்டியதைத் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். குதிரை தள்ளிவிட்டதில் ராஜாவுக்கு வலது முழங்கால் கெட்டுப்போயிற்று. ஊன்றுகோல் செய்ய உலகாயியின் புருஷன் மாசிலானைக் கூப்பிட்டார்கள். நாட்டில் அவனைப் போலக் கோல் கடைகிறவன் இல்லை. மற்றவர்களுக்கு என்றால், நீளமாக ஒன்றைக் கொடுத்து நடக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சரிசெய்வான். ராஜாவை அப்படி நடக்கவிட்டுப் பார்க்க முடியுமா? கயிறு வைத்து அளக்கவும் வழியில்லை. அந்த நாட்டில் மனிதன் மேல் கயிறு பிடித்து அளப்பது பாடை கட்டத்தான். ராஜா மேல் பிடித்தால், அவன் சாவை விரும்பியதாக ஆகிவிடும்.

அதனால் பிரதானி கோனேரி அளவு சொன்னார். மாசிலானை ராஜா ஒருமுறை சபையில் மெச்சியதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். ராஜாவின் கோல் நெஞ்சுக்குக் கீழே இருந்தால் மரியாதையில்லை, அடிமுனை வரைக்கும் தந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ராஜா அதை வலக்கையில் பிடித்தான். தோள் காதுவரைக்கும் ஏறிக்கொண்டது. மூன்றாம் அடியில் தந்தமுனை பளிங்குத் தரையில் வழுக்கியது. ராஜா குப்புற விழுந்ததில் முன்பல் ஒன்று போயிற்று. மாசிலான் சிறைக்குப் போனான்.

"உன் புருஷன் செய்த தப்பு என்ன, சொல்," என்றான் ராஜா.

உலகாயி ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தாள். புருஷன் மேல் தப்பு என்றால் அவனுக்குக் கழுமரம். கோனேரி மேல் என்றால் தனக்கு. ராஜா மேல் என்று மட்டும் வாய் தவறி வந்துவிடக் கூடாது.

"தப்பு கோல் மேல்தான், மகாராஜா," என்றாள். "அது தன்னையே ராஜா என்று நினைத்துக்கொண்டது. உங்கள் நெஞ்சுக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது."

ராஜா பல் போன வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடங்கி நடக்கிற கோல் ஒன்றை மூன்று நாளில் அவளே கொண்டுவர வேண்டும், தான் நடந்தால் புருஷன் வீட்டுக்கு, விழுந்தால் இருவரும் கழுவுக்கு என்றான்.

"கயிறு மட்டும் மகாராஜா மேல் படட்டும், அன்றைக்கே பார்த்துக்கொள்கிறேன்," என்றார் கோனேரி.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பக்கத்திலிருந்து பார்த்ததில் கணக்குத் தெரியும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். ஒரு விரல் அகலம் கூடினால் தோள் தூக்கும், குறைந்தால் முதுகு கூனும். கண்மதிப்பில் செய்யலாம் என்றால், பயத்தில் அவள் கண்ணை அவளே நம்பவில்லை.

மறுநாள் காலை கோயில் வாசலுக்குப் போனாள். அர்ச்சகர் இரண்டு மணிக்கட்டிலும் குழைத்துப் பூசிய சந்தனத்தோடு ராஜா வெளியே வந்து, பாதுகையை மாட்டிக்கொண்டான். வாசலில் இருக்கிற கருங்கல் தூணை ஒட்டினாற்போல, இடக்கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று தூரத்திலிருந்தே கும்பிட்டுக் கேட்டாள். கோனேரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வெறுமையாக இருந்தது. ராஜா நின்றான், போனான். தூணில் ஈரச் சந்தனம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. எல்லாரும் போன பிறகு மடியிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

மூன்றாம் நாள் கருங்காலிக் கோலோடு சபைக்கு வந்தாள். கைப்பிடி உள்ளங்கைக்கு வாட்டமாக வளைந்திருந்தது. வழுக்காமலிருக்க அடியில் எருமைத்தோல் தைத்திருந்தாள். அதை ராஜாவின் இடப்பக்கம் வைத்தாள்.

"மகாராஜா இடக்கையால் பிடிப்பதா?" என்று கோனேரி எழுந்தார்.

கெட்ட காலுக்கு எதிர்க்கையில்தான் கோல் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ராஜாவிடம் கெட்ட கால் என்று எப்படிச் சொல்வது?

"வலக்கை செங்கோல் பிடிக்கிற கை, சாமி. இது வேலைக்காரன். இடப்பக்கமே நிற்கட்டும்."

ராஜா எழுந்தான். ஒன்று. இரண்டு. மூன்றாம் அடியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டொக், டொக் என்ற சத்தம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.

"அளக்காமல் இப்படி அமையாது. மடியைச் சோதியுங்கள், கயிறு இருக்கும்," என்றார் கோனேரி.

ராஜாவின் முகம் மாறியது. அவர்கள் சோதிக்குமுன் உலகாயியே கயிற்றை எடுத்துக் காட்டினாள். "அளந்தது உண்மை, மகாராஜா. கோயில் தூணை அளந்தேன். தூணை அளக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே."

ஆள் போய்ப் பார்த்து, தூணில் காய்ந்த சந்தனம் இருக்கிறது என்றான். ராஜா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், முதல் கோலுக்கு அளவு சொன்னது யார் என்று கேட்டான். சபையே கோனேரியைத் திரும்பிப் பார்த்தது.

"நெஞ்சளவுக் கோலின் மரியாதை இனி உமக்குத்தான், பிரதானியாரே. தினமும் அதை ஊன்றித்தான் சபைக்கு வர வேண்டும்."

கோனேரி தந்தக்கோலை ஊன்றிக் கிளம்பினார். நாலாம் அடியில் தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

ராஜா மாசிலானை விடுவித்து, இருவரும் அரண்மனையிலேயே இருக்கலாம் என்றான். உலகாயிக்கு அதைக் கேட்டுத்தான் பயம் இன்னும் கூடியது. இந்தக் கோலை வைத்தே அடுத்த கோலை வெட்டிக்கொள்ளலாம், நாங்கள் இனித் தேவைப்பட மாட்டோம், வீட்டுக்கு விட்டால் போதும் என்று கும்பிட்டாள். ராஜா ஒரு பை பொன்னைக் கொடுத்து அனுப்பினான்.

வாசலில் கோனேரி அவள் காதருகே குனிந்தார். "ராஜாவின் அளவு எடுத்த கயிறு உன் மடியில்தானே இருக்கிறது? இன்று தூண் என்பார். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் பாடை என்பார்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உலை வைக்கப்போகிறாளா என்று மாசிலான் கேட்டான். அவள் கயிற்றை நெருப்பில் போட்டு, கடைசி முடிச்சு கருகும்வரை நின்றாள். அந்தச் சாம்பலை அள்ளிச் சட்டி பானையெல்லாம் தேய்த்தாள். கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் அரிசியைக் களைந்தாள்.